மர நிழலில் உட்கார்ந்தவர் முகத்தில் ஊதா நிறம் எப்படி வந்தது?

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முகத்தை முடிக்காமலே விட்டுட்டாரே?"

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் ஒரு தோட்டப் படத்தை அலைபேசியில் காட்டியபோது எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டது இது. வெள்ளை உடையில் ஒரு பெண் புல்லில் உட்கார்ந்திருக்கிறார். அவர்மேல் சாய்ந்தபடி ஒரு சிறுவன். ஓரமாக ஒரு சேவல். வெள்ளை உடை முழுக்க நீலம் ஓடுகிறது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் உடனே பதில் சொன்னான்: "தாத்தா, அது இம்ப்ரெஷனிசம். மங்கலாத்தான் வரைவாங்க."

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. பையனின் பதிலில்தான் சிக்கல். அது ஒரு விளக்கம்போல ஒலிக்கிறது, ஆனால் எதையும் விளக்கவில்லை. இம்ப்ரெஷனிசம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸில் எழுந்த ஓர் ஓவியப் போக்கு. ஆனால் ஏன் மங்கல்? எதற்காக நீலம்? அலைபேசிச் செயலிகளில் "இம்ப்ரெஷனிஸ்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் நம் படத்தைக் கொஞ்சம் கலைத்துப் புள்ளி புள்ளியாக்கித் தரும். இம்ப்ரெஷனிசம் என்றால் மங்கல் என்ற எண்ணம் அந்தப் பொத்தானுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே வரைந்த படத்தில் அந்த நீலமும் மங்கலும் எப்படி வந்தன என்று அடியிலிருந்து பார்க்கலாம். ஓவியப் பயிற்சி எதுவும் தேவையில்லை. ஒரு வெள்ளைச் சட்டையும் ஒரு மரமும் இருந்தால் போதும்.

ஒரு தோட்டம், மூன்று ஓவியர்கள்

1874 ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள். பாரிஸுக்கு வடமேற்கே சுமார் 11 கிலோமீட்டரில், சென் ஆற்றங்கரையில், அர்ஜான்தேய் என்ற ஊர். பாரிஸிலிருந்து ரயிலில் சீக்கிரமே போய்ச் சேரலாம். அங்கே ஓவியர் குளோத் மோனே மனைவி கமீலுடனும் மகன் ழானுடனும் வாடகை வீட்டில் இருந்தார். கமீலுக்கு 27 வயது. பையனுக்கு ஏழு நிறைகிற சமயம். ஆற்றின் அந்தக் கரையில் ஜென்விலியே என்ற ஊர். அங்கே இன்னோர் ஓவியரான எதுவார் மானேயின் குடும்பத்துக்கு வீடு இருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மானே அடிக்கடி ஆற்றைக் கடந்து மோனே வீட்டுக்கு வந்துபோனார்.

மானே, மோனே என்று பெயர்கள் குழப்புகின்றனவா? கவலை வேண்டாம், பிரெஞ்சுக்காரர்களையும் குழப்பின. 1865-இல் பாரிஸில் நடந்த அரசாங்க ஓவியக் கண்காட்சியில் மோனேயின் கடற்படங்களைப் பார்த்தவர்கள் மானேயிடம் வந்து பாராட்டிவிட்டுப் போக, அவர் எரிச்சலடைந்தார். தமிழில் ஒருவர் பெயர் காதல் பாட்டில் வரும் விளிபோல ஒலிக்கிறது, மற்றவர் பெயர் மலையாளத்தில் மகனைக் கூப்பிடுவதுபோல. அதை வைத்து நினைவில் கொள்ளுங்கள்: மானே மூத்தவர், 42 வயது, மோனே இளையவர், 33.

சரி, தோட்டத்துக்கு வருவோம். ஒருநாள் மரத்தடியில் கமீலும் ழானும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் மயங்கிய மானே அங்கேயே கித்தானை (வரையும் துணியை) வைத்து வரைய ஆரம்பித்தார். அப்போது பியர் ஒகுஸ்த் ரெனுவார் வந்து சேர்ந்தார். அவருக்கும் கை பரபரத்தது. கையில் ஒன்றும் கொண்டு வரவில்லை. மோனேயிடமே வண்ணத்தட்டு, தூரிகை, கித்தான் எல்லாம் கடன் வாங்கி, மானேயின் பக்கத்திலேயே இடம்பிடித்து வரைய ஆரம்பித்தார். மோனே சும்மா இருப்பாரா? வரைந்துகொண்டிருந்த மானேயை அவர் வரைந்தார்.

இதை மோனே ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1924-இல், முதியவராக நினைவுகூர்ந்தார். மானே ஓரக்கண்ணால் ரெனுவாரின் கித்தானைப் பார்ப்பாராம், முகத்தைச் சுளிப்பாராம். பிறகு மோனேயின் காதருகே வந்து, இந்தப் பையனுக்குத் திறமையே கிடையாது, நீ அவன் நண்பன்தானே, ஓவியத்தை விட்டுவிடச் சொல் என்றாராம். கிண்டலா, நிஜ எரிச்சலா என்று அந்தக் காதுக்குத்தான் வெளிச்சம். எனக்கு என்னவோ, பக்கத்தில் ஒருவன் நம்மைவிட வேகமாகப் போகும்போது வரும் எரிச்சலாகவே தோன்றுகிறது.

மானேயின் படம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரெனுவாரின் படம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில். இரண்டும் இணையத்தில் பெரிதாகவே கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

மானே தள்ளி நின்று பார்க்கிறார். அகலமான படம், கிட்டத்தட்ட ஒரு மீட்டர். கமீலின் வெள்ளை உடை புல்மேல் விசிறிபோல விரிந்திருக்கிறது. இடப்பக்கம் நீலச் சட்டையில் மோனே குனிந்து செடிகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் பூவாளி. முன்னால் சேவல், கோழி, குஞ்சு: அப்பா, அம்மா, பிள்ளைக்கு ஒரு குறும்பு எதிரொலி. ரெனுவாரோ நெருங்கிப் போய்விடுகிறார். படம் 70 சென்டிமீட்டர் அகலம்கூட இல்லை. மோனே காணோம், தோட்ட வேலை காணோம். புல், தாய், மகன், ஒரு சேவல், அவ்வளவுதான். கமீல் நேராக நம்மைப் பார்க்கிறார். உண்மையில், கடன் வாங்கிய தூரிகையோடு நிற்கும் குடும்ப நண்பரைப் பார்க்கிறார்.

ஸ்டுடியோ படமும் மரத்தடிப் படமும்

ஒரு குறிப்பிட்ட மனிதரை இன்னார் என்று தெரியும்படி வரைவது உருவப்படம். இதை வீட்டு ஆல்பத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். கல்யாணத்தன்று ஸ்டுடியோக்காரர் எடுத்த படம் ஒன்று இருக்கும்: விளக்கு வைத்து, முகவாயை லேசாகத் திருப்பச் சொல்லி, பின்னால் திரை போட்டு. அதே ஆல்பத்தில், மறுநாள் கொல்லையில் சித்தப்பா மகன் எடுத்த படமும் இருக்கும்: கண் கூசுகிறது, முகத்தில் இலை நிழல், யாரோ பாதி வெட்டுப்பட்டிருக்கிறார்கள். முதல் படத்தில் எல்லோரும் அழகாக இருக்கிறார்கள். இரண்டாவதைப் பார்த்தால் அந்த நாளின் வெயில் நினைவுக்கு வருகிறது.

1874-க்கு முன் ஐரோப்பாவில் மதிப்புக்குரிய உருவப்படம் என்றால் பெரும்பாலும் முதல் வகை. ஓவியக்கூடத்தில் ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரே சீரான வெளிச்சம். முகத்தின் ஒரு பாதி ஒளியில், மறுபாதி பழுப்பு நிழலில். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு, தூரிகைத் தடமே தெரியாத அளவுக்கு வழவழப்பு. காசு கொடுத்தவருக்குத் தன் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், நெக்லஸும் தெரிய வேண்டும்.

நண்பரை வரையும்போது இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. யாரும் காசு தரவில்லை, யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. இந்த ஓவியர் கூட்டம் ஒருவரையொருவர் வரைந்ததற்கு ஓர் எளிய காரணம், மாடலுக்குக் கொடுக்கப் பலரிடம் பணம் இல்லை. 1867-இல் ஒரே ஓவியக்கூடத்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்திய ரெனுவாரும் ஃப்ரெதரிக் பசீலும் ஒருவரை ஒருவர் வரைந்தார்கள். பசீலின் படத்தில் ரெனுவார் நாற்காலிமேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக் குந்தியிருக்கிறார். பணம் கொடுத்த எந்தக் கனவானும் அப்படி உட்கார ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பசீல் 1870-இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் 28 வயதில் இறந்துபோனார். அர்ஜான்தேய் தோட்டத்தில் நான்காவதாக ஒருவர் நின்று வரைந்திருக்க வேண்டியது.

கித்தானைத் தூக்கிக்கொண்டு போய், வரையும் பொருளின் எதிரிலேயே, வெளி வெளிச்சத்திலேயே வரைவதற்குப் பிரெஞ்சில் "ப்ளேனேர்" என்று பெயர். திறந்த காற்று என்று பொருள். நாம் வெளியொளி ஓவியம் என்று வைத்துக்கொள்வோம். மரங்களையும் ஆற்றையும் இப்படி வரைவது 1874-க்குள் பழகிப்போன விஷயம். மனித முகத்தையும் அதே வெயிலில் கொண்டுபோய் உட்கார வைத்ததுதான் சண்டையைக் கிளப்பியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கமீலின் படம் வெளியொளியில் வரைந்த உருவப்படம். வரைந்தவர் நண்பர், அதனால் முகஸ்துதிக்கு வேலை இல்லை. இனி வெளிச்சம் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

வெள்ளைச் சட்டைச் சோதனை

காலை பத்து, பதினொரு மணிக்கு நல்ல வெயிலில் ஒருவரை வெள்ளைச் சட்டையோடு மரத்தடியில் உட்கார வையுங்கள். சட்டை என்ன நிறம் என்று கேட்டால் வெள்ளை என்பீர்கள். இப்போது ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு கண்ணை மூடி, குழல் வழியே சட்டையின் நிழல் விழுந்த பகுதியை மட்டும் பாருங்கள். சுற்றியுள்ள எதுவும் தெரியக்கூடாது. சில நொடிகளில் ஒன்று புலப்படும்: அது வெள்ளையே இல்லை. சாம்பல் கலந்த நீலம். குழலை மெல்லக் கீழே, புல்லைப் பார்த்த மடிப்புகளுக்கு நகர்த்தினால் பச்சை தட்டும். முகவாயின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோனால் அங்கும் பச்சை.

குழல் இல்லாமல் ஏன் இது தெரிவதில்லை? நம் மூளை வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் சொல்லப் பழகியிருக்கிறது. சட்டை வெயிலுக்குப் போனாலும், ட்யூப்லைட்டுக்கு வந்தாலும், மஞ்சள் பல்பின் கீழ் நின்றாலும் வெள்ளைச் சட்டைதான். இந்தத் திருத்தத்துக்கு நிற மாறாமை என்று பெயர். இது இல்லாவிட்டால் சந்தையில் பழுத்த தக்காளியைப் பொறுக்க முடியாது. அலைபேசிக் கேமரா இந்த வேலையைச் சில சமயம் சரியாகச் செய்யாது. மரத்தடியில் எடுத்த படத்தில் முகம் பச்சையாக, நோயாளிபோல வருவது அதனால்தான். உண்மையில் கேமரா அந்த நேரம் பொய் சொல்லவில்லை. முகத்தின்மேல் பச்சை வெளிச்சம் விழுந்துகொண்டுதான் இருந்தது.

ரெனுவார், மோனே போன்றவர்கள் செய்த முக்கியமான காரியம் இந்தத் திருத்தத்தை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப் பழகியது. சட்டை வெள்ளை என்று தங்களுக்குத் தெரிந்ததை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்திலிருந்து கண்ணுக்கு என்ன நிறம் வருகிறதோ அதைத் தட்டில் கலந்தார்கள். சொல்ல எளிது. கொஞ்ச நேரம் குழல் இல்லாமல் முயன்று பாருங்கள், தலை வலிக்கும்.

நிழலுக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

நிழல் என்றால் வெளிச்சம் இல்லாத இடம் என்று நினைக்கிறோம். அப்படியானால் நிழலில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியாதே! நிழலில் இல்லாதது சூரியனின் நேர் வெளிச்சம் மட்டும். வேறு வெளிச்சங்கள் அங்கே தாராளமாக வருகின்றன.

முதலாவது வானம். சூரிய ஒளியில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. காற்று மூலக்கூறுகள் அதில் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன, அதனால் வானம் முழுக்க ஒரு மாபெரும் நீல விளக்காகிவிடுகிறது. இதற்கான கணக்கை ஆங்கில இயற்பியலாளர் ராலே 1871-இல்தான் வெளியிட்டார், இந்தத் தோட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பு. ஓவியர்களுக்குக் கணக்கு தேவைப்படவில்லை. கமீலின் பாவாடையிலேயே தெரிந்தது. திறந்த வானம் பார்த்த நிழல் நீலம்.

இரண்டாவது இலை. மேலே படும் வெயில் இலைக்குள் புகுந்து பச்சையாக வடிந்து கீழே வருகிறது. மூன்றாவது புல். வெயில் பட்ட புல் கீழிருந்து மேலாகப் பச்சையைத் தெளிக்கிறது. முகவாய், மூக்கின் அடி, தொப்பியின் உட்புறம் எல்லாம் அதை வாங்கிக்கொள்கின்றன. வெள்ளை உடையே நான்காவது விளக்கு. கமீலின் விரிந்த உடை, சாய்ந்திருக்கும் ழானின் முகத்தில் வெளிச்சத்தை எறிகிறது.

இப்போது தோலை நினைத்துப் பாருங்கள். தோல் எந்த நிறமாக இருந்தாலும் அதில் கொஞ்சம் சிவப்பு உண்டு, உள்ளே ஓடும் ரத்தத்தால். சிவப்பு கலந்த தோலின்மேல் வானத்தின் நீலம் விழுந்தால் ஊதா வராமல் வேறு என்ன வரும்? தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இது.

இலைகளின் இடுக்கு வழியே விழும் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரத்தடித் தரையில் விழும் ஒளிப்பொட்டுகள், இடுக்கு எந்த வடிவமாக இருந்தாலும், பெரும்பாலும் வட்டமாகவே இருக்கும். ஒவ்வொரு சின்ன இடுக்கும் ஊசித்துளைக் கேமராவாகி, சூரியனின் உருவத்தையே தரையில் விழச் செய்கிறது. நம்பாதவர்கள் அடுத்த சூரிய கிரகணத்தன்று மரத்தடிக்குப் போகலாம், தரை முழுக்கப் பிறைகள் கிடக்கும். ரெனுவார் 1876-இல் பாரிஸின் மொன்மார்த்ர் பகுதியில் ஒரு தோட்டத்தில் நண்பர்களை நிற்க வைத்து "ஊஞ்சல்" என்ற படத்தை வரைந்தபோது இந்த வட்டப் பொட்டுகளை அப்படியே கோட்டின் முதுகிலும் கவுனிலும் வைத்தார். அடுத்த ஆண்டு அதைப் பார்த்த ஒரு விமர்சகருக்கு அவை துணியில் பட்ட எண்ணெய்க் கறையாகத் தெரிந்தன.

பக்கத்து நிறம் செய்யும் வேலை

மீதிப் பாதி விடை ஒரு சாயப் பட்டறையில் இருக்கிறது. பாரிஸில் கோப்லேன் என்ற அரசாங்கத் திரைச்சீலை நெசவுக்கூடம். அதன் சாயப் பிரிவுக்கு 1824 முதல் தலைவராக இருந்தவர் மிஷேல் ஷெவ்ரெல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று அவருக்குப் புகார் வந்தது. நூலைச் சோதித்தார், சாயத்தில் குறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறத்தால்தான் கறுப்பு வெளிறித் தெரிந்தது. ஜவுளிக்கடையில் பிடித்துப்போன ரவிக்கைத் துணி, வீட்டுக்கு வந்து புடவைமேல் வைத்ததும் வேறு நிறமாகத் தெரிவதை அனுபவித்தவர்களுக்கு ஷெவ்ரெலின் தலைவலி புரியும்.

இதை ஆராய்ந்து 1839-இல் விரிவாக வெளியிட்டார். நமக்கு வேண்டிய பகுதி இவ்வளவுதான்: ஒரு நிறம் தன் பக்கத்தில் உள்ளதைத் தன் எதிர்ப்பக்க நிறம் நோக்கித் தள்ளுகிறது. வண்ணச் சக்கரத்தில் நேரெதிராக உட்காரும் ஜோடிகளுக்கு நிரப்பு நிறங்கள் என்று பெயர். ஓவியர்களின் சக்கரத்தில் சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா.

மஞ்சளுக்கு ஊதா. வெயில் பட்ட கன்னம் இளமஞ்சளாக ஒளிர்கிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் நிழல் வெறும் சாம்பலாகவே இருந்தாலும் கண் அதில் ஊதாவைச் சேர்த்துக்கொள்ளும். ஏற்கெனவே வானத்தின் நீலத்தால் அங்கே ஊதா இருக்கிறது. இப்போது கண்ணும் தன் பங்கைப் போடுகிறது. ஓவியர் அதைப் பார்த்துத் தட்டில் ஊதாவைத் தொட்டு வைக்கிறார். படத்தைப் பார்க்கும் நமக்குப் பக்கத்து மஞ்சள் இன்னும் வெயிலாகத் தெரிகிறது. நிழலைக் கறுப்பாகவோ பழுப்பாகவோ வரைந்திருந்தால் இந்த வெயில் கிடைத்திருக்காது.

ஆக, நீல வானம், பச்சை இலை, தோலின் சிவப்பு, பக்கத்து மஞ்சள் ஆகிய எல்லாம் ஒரே கன்னத்தில் கூடுகின்றன. முகத்தில் ஊதா வந்த வழி அது. கற்பனை அல்ல, அளவில் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம், அதையும் மறுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் மங்கல்?

உங்கள் கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம் அளவுக்குத்தான் கண் ஒரு நேரத்தில் மிகக் கூர்மையாகப் பார்க்கிறது. மற்றதெல்லாம் மங்கல். கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருப்பதால் எல்லாம் தெளிவாகத் தெரிவதாக நினைத்துக்கொள்கிறோம். ஓர் இலை, ஒரு விரல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக உற்றுப் பார்த்து வரைந்தால் எல்லாமே கூர்மையாக இருக்கும். ஆனால் யாரும் ஒரு தோட்டத்தை ஒரே பார்வையில் அப்படிப் பார்ப்பதில்லை. ரெனுவார் அந்த ஒரே பார்வையைத்தான் பிடிக்கப் பார்த்தார்.

அதோடு, ஒளியும் நிழலும் கலையும் இடத்தில் பொருளின் ஓரம் நிஜமாகவே கரைகிறது. மூளை கழித்துவிடும் நிறத்தை அவர் கழிக்காமல் விட்டார், மூளை சேர்த்துவிடும் ஓரக்கோட்டை அவர் சேர்க்காமல் விட்டார். இரண்டும் ஒரே பழக்கம்.

இந்த இடத்தில் மானேயின் படம் உதவும். அவர் ஓவியக்கூடத்தில் வளர்ந்த கை. அதே மரத்தடி, அதே கமீல், அதே வெளிச்சம், ஆனால் வடிவங்கள் இன்னும் கெட்டியாக ஊன்றி நிற்கின்றன. ரெனுவாரிடம் உடைக்கும் புல்லுக்கும் இடையே எல்லை அடிக்கடி காணாமல் போகிறது. மானே முகம் சுளித்ததில் வியப்பில்லை.

அவசரத்துக்கு ஒரு கணக்கு

சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஒரு மணி நேரத்தில் கமீலின் கன்னத்தில் இருந்த ஒளிப்பொட்டு தோளுக்குப் போய்விடும். பூச்சு காய நாள்கணக்கில் காத்திருக்கும் பழைய முறை இங்கே செல்லாது. முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் அடுத்ததை வைத்துவிட வேண்டும். இதுதான் ஈரத்தின்மேல் ஈரம் என்கிற முறை. தயங்கித் தேய்த்தால் நிறங்கள் கலந்து சேறாகிவிடும். வைத்தால் வைத்ததுதான், எடுக்கக்கூடாது. தூரிகைத் தடங்கள் அப்பட்டமாகத் தெரிவது இதனால். வேகமாக வரைந்தது என்பதால் சுலபமானது என்று நினைப்பவர்கள், வெந்நீர் கொதிக்கும் நேரத்துக்குள் கோலம் போட்டு முடிப்பவரின் கையை ஒருமுறை கவனிக்கலாம்.

இந்த வேகத்துக்குக் கருவியும் வேண்டும். முன்பெல்லாம் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். ஊசியால் குத்திப் பிதுக்கினால் மீதி சீக்கிரம் காய்ந்துபோகும். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், பிதுக்கி மூடி வைக்கக்கூடிய தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று பற்பசை வரும் ட்யூபின் பாட்டன். ட்யூப் வண்ணம் இல்லாவிட்டால் இம்ப்ரெஷனிசமே இருந்திருக்காது என்று ரெனுவார் சொன்னதாக அவர் மகன், திரைப்பட இயக்குநர் ழான் ரெனுவார், பதிவு செய்திருக்கிறார்.

அளவும் ஒரு பிரச்சினைதான். மோனே 1866-இல் இரண்டரை மீட்டருக்கு மேல் உயரமான கித்தானில் "தோட்டத்தில் பெண்கள்" என்ற படத்தை வெளியிலேயே வரையத் துணிந்தார். மேல்பகுதி எட்ட வேண்டுமே? தோட்டத்தில் பள்ளம் தோண்டி, கப்பியால் கித்தானை அதற்குள் இறக்கி ஏற்றினார். அதிலும் மாடலாக நின்றவர் கமீல்தான். அவ்வளவு பாடுபட்டும் கடைசியில் ஓவியக்கூடத்தில் வைத்துத்தான் முடிக்க வேண்டியிருந்தது. 1867-இல் அரசாங்கக் கண்காட்சியின் நடுவர்கள் அதை நிராகரித்தார்கள். பசீல்தான் 2,500 பிராங்குக்கு, மாதம் 50 பிராங்க் தவணையில், நண்பனுக்காக வாங்கிக்கொண்டார். இம்ப்ரெஷனிஸ்டுகள் எல்லாப் படத்தையும் வெளியிலேயே தொடங்கி வெளியிலேயே முடித்தார்கள் என்று சொல்பவர்கள் இந்தப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. முழங்கையிடுக்கில் தூக்கிப்போகும் சின்னக் கித்தானில் ஒரே மூச்சில் முடிப்பதே நடக்கக்கூடிய காரியம், ரெனுவார் கடன் வாங்கியதுபோல.

பிணத்தின் நிறம் என்றார்கள்

இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே 1874 கோடையில் சில மாதக் குழந்தை. அந்த ஏப்ரலில் பாரிஸில், புகைப்படக்காரர் நாதாரின் பழைய ஸ்டுடியோவில், மோனேயும் ரெனுவாரும் நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு கண்காட்சி நடத்தினார்கள். மானே சேரவில்லை. மோனே ஒரு படத்துக்கு "இம்ப்ரெஷன், சூரியோதயம்" என்று பெயர் வைத்திருந்தார். மனதில் பட்ட ஒரு பதிவு என்ற பொருளில். லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கேலிக் கட்டுரை எழுதினார். கேலிப்பெயர் நிலைத்துவிட்டது.

முகத்திலும் உடலிலும் நிற நிழல் வைத்ததற்குத்தான் மிகக் கொடூரமான வசை விழுந்தது. 1876-இல் ரெனுவார், இலைகளுக்கிடையே வெயில் விழும் ஒரு பெண்ணின் மேலுடலைக் காட்சிக்கு வைத்தார். ஃபிகாரோ பத்திரிகையில் விமர்சகர் அல்பேர் வொல்ஃப் எழுதியதன் சாரம் இது: பெண்ணின் உடல் என்பது பச்சையும் ஊதாவுமாகப் புள்ளி விழுந்து அழுகும் சதைக்குவியல் அல்ல என்று இவருக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள். அவர் பார்த்த நிறங்கள் அங்கே இருந்தன, அதில் தவறில்லை. அவற்றை வெளிச்சத்தின் கணக்கில் எழுதாமல் தோலின் கணக்கில் எழுதிவிட்டார். நம் வீட்டுப் பெரியவரும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார், வசை இல்லாமல்.

இந்தப் பார்வை ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடாது போலிருக்கிறது. 1879-இல் கமீல் 32 வயதில் நோயால் இறந்தார். மோனே அருகில் உட்கார்ந்து அவர் முகத்தை வரைந்தார். பிறகு ஒரு நண்பரிடம் சொன்னார்: அந்த நேரத்திலும் தன்னையறியாமல் தன் கண் அந்த முகத்தில் நீலம், மஞ்சள், சாம்பல் என்று நிறங்கள் மாறுவதைத் தேடிக்கொண்டிருந்தது என்று. அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. அர்ஜான்தேய் மரத்தடிக்கும் அந்தப் படுக்கைக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள்.

மறுபடியும் அந்தப் படத்துக்கு

இப்போது ரெனுவாரின் படத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள். முதலில் முகத்தை விட்டுவிட்டு உடையைப் பாருங்கள். வெள்ளை எங்கே நிஜமாக வெள்ளையாக இருக்கிறது, எங்கே நீலம், எங்கே பச்சை தட்டுகிறது என்று தேடினால், வானம் எந்தப் பக்கம் திறந்திருந்தது, புல் எங்கே வெயிலில் இருந்தது என்று உங்களுக்கே தெரியவரும். அப்புறம் முகத்துக்கு வாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் தீற்றல்கள். கை எட்டும் தூரத்துக்குத் தள்ளி வைத்தால் கமீல் பார்க்கிறார். அந்தப் பெரியவரிடம் இப்படிக் காட்டியபோது, "வெயில்ல உட்கார்ந்திருக்கா, அதான்" என்றார். கல்லூரிப் பையனின் பதிலைவிட இது எவ்வளவோ மேல்.

மானே திறமையில்லை என்று சொன்ன அந்தக் கித்தானை மோனே முதுமையிலும் தன்னிடமே வைத்திருந்தார். 1924-இல் இந்தக் கதையைச் சொன்னபோது, அது தன்னிடம் இருப்பதில் மகிழ்ச்சி என்றும் சொன்னார். அன்று மூன்றாவதாக வரைந்த படம், அதாவது தோட்டத்தில் வரைந்துகொண்டிருந்த மானேயை மோனே வரைந்தது, ஒருகாலத்தில் பெர்லினில் மாக்ஸ் லீபர்மன் என்ற ஓவியரிடம் இருந்தது. பிறகு காணாமல் போய்விட்டது. எஞ்சியிருப்பது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். மானே வரைகிறார், சுற்றிலும் தோட்டம், நிழல் எல்லாம் சாம்பல் நிறத்தில்.